குளிக்கும்போது மட்டும் கத்துகிறார்

இடுப்பு எலும்பு முறிந்தால் வலிக்கும். நினைவு தெளிவாக இருப்பவருக்கும் வலிக்கும், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனவருக்கும் வலிக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொரு கணக்கைக் காட்டியது. இடுப்பு எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட முதியவர்களில், டிமென்ஷியா என்னும் மறதி நோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, நினைவு சரியாக இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். வார்டுகளில் வலி மருந்தை 'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று எழுதிவைப்பது வழக்கம். தேவை என்று சொல்லத் தெரியாதவருக்கு அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

முதியவர்களின் வலியைப் பற்றிச் செவிலியர்கள் செய்த ஆய்வுகள் பல, வலியைச் சொல்ல முடியாதவர்களின் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கின்றன. 1968-இல் மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர், வலி இருக்கிறதா இல்லையா என்பதில் நோயாளியின் சொல்லே முடிவு என்று எழுதினார். 'இந்தச் சின்னக் காயத்துக்கு இவ்வளவு வலி இருக்காது' என்று டாக்டரும் நர்ஸும் தீர்ப்புச் சொல்லிவந்த காலத்தில் அது சின்ன விஷயமல்ல. பிறகு வந்த செவிலியர் பயிற்சி அந்தக் கருத்தின் மேல்தான் வளர்ந்தது. நோயாளிக்குப் பேச்சே வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

பதில் தேடியவர்களில் முக்கியமானவர்கள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் என்ற ஊரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் இருந்தார்கள். டிமென்ஷியா முற்றியவர்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது. ஆன் ஹர்லி என்ற செவிலியரும் அவருடைய குழுவினரும் 1992-இல் 9 அறிகுறிகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். சரியான கருவிதான், ஆனால் அதைக் கையாள நிறையப் பயிற்சி வேண்டியிருந்தது. வேலை நெருக்கடியில் இருக்கும் வார்டுக்கு அது ஒத்துவரவில்லை. 2003-இல் விக்டோரியா வார்டன் என்ற செவிலியரும் ஹர்லியும் லாடிஸ்லாவ் வோலிசர் என்ற மருத்துவரும் சேர்ந்து அதைச் சுருக்கி 'பெயின்ஆட்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பேசத் தெரியாத குழந்தைகளுக்காக மிச்சிகனில் உருவான ஓர் அளவுகோலிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் பார்க்க வேண்டியவை ஐந்து. மூச்சு இயல்பாக இருக்கிறதா, இரைக்கிறதா? முனகல், அலறல், அழுகை உண்டா? முகம் சுளிக்கிறதா? உடம்பு விறைக்கிறதா, கை மடங்கிக்கொள்கிறதா, தொட வருபவரைத் தள்ளுகிறதா? கடைசியாக, தொட்டும் பேசியும் தேற்றினால் அடங்குகிறாரா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்த ஐந்தாவது கேள்வியை வலி ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. தேற்றினால் அடங்குவது வலிக்கு மட்டுமே உரிய அடையாளமா என்பது அவர்களின் கேள்வி. பயத்தில் அழுபவரும் தேற்றினால் அடங்குவார், தனிமையில் அழுபவரும் அடங்குவார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடக் கூடாது என்பேன். மதிப்பெண் போடுவதற்காகவாவது ஒருவர் அருகில் போய்க் கையைப் பிடித்துப் பேச வேண்டியிருக்கிறதே! மொத்த மதிப்பெண் 7 என்றால் வலியின் அளவும் 7 என்று பொருளில்லை. இங்கே வலி இருக்கலாம், தேடுங்கள் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

எப்போது பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூட்டு வலிக்காரர் அசையாமல் படுத்திருக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் இதற்காகவே 'மோபிட்' என்ற முறையை வகுத்தார்கள். காலையில் எழுப்பிக் கழுவிவிடும் நேரத்திலேயே, கையை விரிக்கவைத்து, தோளை உயர்த்தி, முழங்காலை மடக்கி நீட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, ஒவ்வோர் அசைவிலும் முகத்தைக் கவனிப்பது. எந்த அசைவில் முகம் சுளிக்கிறதோ அங்கே தேட வேண்டும்.

அதே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. 18 முதியோர் பராமரிப்பு இல்லங்கள், டிமென்ஷியாவோடு கத்தல், அடித்தல், ஓயாத அலைச்சல் என்று ஆர்ப்பாட்டம் மிகுந்த 352 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு 8 வாரம் படிப்படியான வலி சிகிச்சை. முதல் படி வெறும் பாராசிட்டமால்தான், பெரும்பாலோர் அந்தப் படியிலேயே நின்றார்கள். வலி சிகிச்சை பெற்றவர்களிடம் ஆர்ப்பாட்டம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்திய 4 வாரத்தில் மறுபடியும் கூடியது.

இதை வைத்து எல்லாவற்றுக்கும் வலி மாத்திரை என்று கிளம்பிவிட வேண்டாம். இதே பெர்கன் குழுவினர் பின்னர், டிமென்ஷியாவோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு வலி மருந்தையும் போலி மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மனச்சோர்வை வலி மருந்து குறைக்கவில்லை. ஓப்பியாய்டு என்னும் மார்ஃபின் வகை மருந்துள்ள பிளாஸ்திரி ஒட்டப்பட்டவர்களில் பலர் பக்கவிளைவு தாங்காமல் இடையிலேயே விலக நேர்ந்தது. தங்கள் முடிவைத் தாங்களே சோதித்து எல்லையைச் சொன்னதால் இந்தக் குழுவினர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இவர்களைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள்தான். மகள், மருமகள், வயதான மனைவி, வசதி இருந்தால் சம்பளத்துக்கு ஓர் ஆள். "குளிப்பாட்டும்போது மட்டும் கத்துறார் டாக்டர், அடிக்க வர்றார், ரொம்ப அடம். தூங்குறதுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மருத்துவரிடம் கேட்பதும் இவர்கள்தான். சட்டை மாட்டக் கையைத் தூக்கும்போது இறுகிப்போன தோள் வலித்திருக்கலாம். சொத்தைப் பல், படுக்கைப் புண், நாலு நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இப்படி எதுவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மனநோய் மருந்து கொடுத்தால் கத்தல் நின்றுவிடும், வலி அப்படியே இருக்கும். டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் அந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

இன்னொரு பக்கம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. கால்நடைகளுக்கு இதைக் கொடுப்பதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அது கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைக் கொத்திய பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். மனிதர் கழுகு இல்லை, உண்மைதான். ஆனால் 75 வயதுக்காரர் ரத்த அழுத்த மாத்திரையோடு இதையும் மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் ரத்தம் கசியலாம், சிறுநீரகம் கெடலாம். தாத்தாவுக்கு வலி மருந்து வாங்கும்போது மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பேச்சு கொஞ்சமாவது மிச்சம் இருப்பவரிடம் முதலில் அவரையே கேட்க வேண்டும். "வலிக்குதா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பவர், "முட்டி கடுக்குதா, கால் உளையுதா?" என்றால் தலையாட்டுவார். பதில் வரச் சற்று நேரம் ஆகும், காத்திருங்கள். பேச்சே இல்லாதவர் என்றால் குளிப்பாட்டும்போதும், புரட்டிப் போடும்போதும், உட்காரவைக்கும்போதும் முகத்தைப் பாருங்கள். எந்த அசைவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை எழுதும்முன், "இவருக்கு எங்காவது வலி இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாதவர்களுக்காக, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் அந்த நோட்டை அவரிடமும் காட்டுங்கள்.