கால் வலியும் சிலோஸ்டசால் மருந்தும்

வரப்பில் 200 தப்படி நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. சற்று நின்றால் வலி தணிகிறது. மீண்டும் நடந்தால் மீண்டும் வருகிறது. இதனை மூப்பின் தளர்ச்சி என்றும் வாயுத் தொல்லை என்றும் எண்ணி, தைலம் தேய்த்துக் காலங்கடத்துவோர் நம்மில் பலர். ஆனால் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் குறுகியதன் அறிகுறியாக இது இருக்கலாம். வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாது. அவ்வாறே குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்தால், உழைக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் எட்டுவதில்லை. புகைபிடித்தலும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இதற்கு முக்கிய காரணங்களாகும்.

இவ்வலிக்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளுள் ஒன்று சிலோஸ்டசால். ஜப்பானில் உருவாகி 1988-இல் அங்கே வழக்கத்திற்கு வந்த இம்மருந்து, 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைவதையும் தடுக்கிறது. வழக்கமான அளவு 100 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை. உணவுக்கு அரை மணி நேரம் முன்பாகவோ இரண்டு மணி நேரம் பின்பாகவோ உட்கொள்ள வேண்டும். பயன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சிலருக்கு 12 வாரங்களும் ஆகலாம். வலியின்றி நடக்கும் தூரம் கூடுமேயன்றி, படிந்த கொழுப்பு இதனால் கரைந்துவிடாது.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். இரத்தத்தை இறைக்கும் வலிமை இதயத்திற்குக் குன்றியிருப்பின், இம்மருந்தை உட்கொள்ளவே கூடாது. ஆகவே அண்டை வீட்டாருக்குக் குணமளித்த மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்தாகும். தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியன உண்டாகலாம். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் உட்கொள்வோருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எனவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் அவசியம்.

மருந்து துணை மட்டுமே. பீடியையும் சுருட்டையும் அறவே விடவேண்டும். மருத்துவர் சொற்படி, வலி வரும்வரை நடந்து, நின்று இளைப்பாறி, மீண்டும் நடக்கும் பயிற்சி பெரும்பயன் தரும். படுத்திருக்கையிலும் பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாதிருந்தாலோ, ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் காலையே இழக்க நேரலாம்.

நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள், நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் கவனிக்க வீடு தேடி வருகின்றனர். தத்தம் வார்டில் நடக்கையில் நின்று நின்று செல்வோரைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கண்டறிந்து, அவ்வூழியர்களிடம் தெரிவித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைப்பார்களாக. உழைக்கும் கால்களைக் காப்பதும் ஊர்ப்பணியே.