படையினரைக் கண்காணிக்கும் தீப்பந்தங்கள்

மணிப்பூர் தலைநகர் இம்பாலைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குக் கிராமங்களில், நள்ளிரவில் மின் கம்பத்தைக் கல்லால் தட்டும் ஓசைக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: தெருவுக்குள் படை வாகனம் நுழைந்துவிட்டது. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு ஓசை தாவ, சில நிமிடங்களில் மூங்கில் தீப்பந்தங்களுடன் பெண்கள் கூடிவிடுவர். 1980-களில் தொடங்கிய பழக்கம் இது. "மெய்ரா பைபி" என்று அழைக்கப்படும் இவர்களுக்குச் சம்பளமில்லை, சீருடையில்லை, தலைமை அலுவலகம் என்று ஒன்றும் இல்லை. தெருவோரக் கொட்டகையில் முறைவைத்து இரவுக் காவல் இருக்கும் நடுத்தர வயதுப் பெண்களே இவர்கள். ஊரார் இவர்களை "இமா" என்கின்றனர். தமிழின் "அம்மா"தான் அது.

இவர்களது தொடக்கம் படைக்கு எதிரானதன்று, சாராயத்துக்கு எதிரானது. 1970-களில் குடிகாரர்களைப் பிடித்துக் கண்டித்த "நிஷாபந்த்" இயக்கத்துப் பெண்கள், 1980-ல் மணிப்பூர் முழுவதும் "பதற்றப் பகுதி" என அறிவிக்கப்பட்டுத் தேடுதல் வேட்டைகள் பெருகியபோது, கையிலிருந்த விளக்கைத் தீப்பந்தமாக மாற்றிக்கொண்டனர். 1904-லும் 1939-லும் ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பாட்டிமார்களின் "நுபி லான்" போராட்ட மரபு அவர்களுக்குத் துணை நின்றது.

பதற்றப் பகுதி என்ற அறிவிப்புக்குப் பின்னால் நிற்பது 1958-ம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். நாகா மலைகளில் கிளர்ச்சியை அடக்க அவசரச் சட்டமாக வந்து, சில மணி நேர விவாதத்தில் மக்களவையைக் கடந்தது. மணிப்பூரைச் சேர்ந்த உறுப்பினர் லைஷ்ராம் அச்சாவ் சிங் அன்றே எழுந்து, இது சட்டமற்ற சட்டம் என்று எதிர்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. எச்சரிக்கைக்குப் பின் உயிர் போகுமளவுக்குச் சுடவும், பிடியாணையின்றிக் கைது செய்யவும், வீடு புகுந்து சோதனையிடவும் ஒரு ஹவில்தார் நிலையிலுள்ளவருக்குக்கூட 4-வது பிரிவு அதிகாரம் தருகிறது. மத்திய அரசின் முன் அனுமதியின்றி அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 6-வது பிரிவு. அந்த அனுமதி எத்தனை அரிதானது என்பதற்கு மாநிலங்களவையில் 2018 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அளித்த பதில் ஒன்றே போதும். இதே போன்ற தனிச் சட்டம் நடைமுறையில் உள்ள ஜம்மு காஷ்மீரிலிருந்து 2001 முதல் 2016 வரை அனுமதி கோரி வந்தவை 50 வழக்குகள்; மறுக்கப்பட்டவை 47. எஞ்சிய மூன்றும் அப்போது நிலுவையில் இருந்தன.

இந்த இரு பிரிவுகளுக்கும் இடையில் அதிகம் பேசப்படாத 5-வது பிரிவு ஒன்று இருக்கிறது. கைதானவரை இயன்ற விரைவில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. மெய்ரா பைபிகளின் வேலை முழுவதும் இந்தச் சிறு இடுக்கில்தான் நடந்தது எனலாம். வண்டியை மறித்து நின்று அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள்: நீங்கள் எந்தப் படைப்பிரிவு? யாரைக் கொண்டு செல்கிறீர்கள்? எங்கே? பிறகு, கைதுக் குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்று வற்புறுத்துவார்கள். சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று 1997-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ராணுவம் தனக்கு வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றும் கூறியிருந்தது. எழுத்தில் இருந்த விதியைத் தெருவில் கேட்டுப் பெற்றவர்கள் இந்தப் பெண்களே.

ஒரு தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2004-ல் தெரிந்தது. ஜூலை 10-ம் தேதி நள்ளிரவு இம்பால் அருகே பாமோன் கம்புவில் தங்ஜம் மனோரமாவை அவரது வீட்டிலிருந்து 17-வது அசாம் ரைபிள்ஸ் படையினர் கொண்டு சென்றனர். குடும்பத்தாரிடம் கைதுக் குறிப்பு தரப்பட்டது. மறுநாள் அவரது உடல் குண்டுக் காயங்களுடன் கிடந்தது. தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்றது படை. ஆனால், அவரை நாங்கள் கொண்டு செல்லவே இல்லை என்று மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. ஜூலை 15-ம் தேதி, அப்போது அசாம் ரைபிள்ஸ் வசமிருந்த காங்லா கோட்டையின் வாயிலில் 12 தாய்மார்கள் ஆடை களைந்து நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. அடுத்த மாதமே இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் காங்லா மாநிலத்திடம் திரும்பியது.

அதே ஆண்டு அமைக்கப்பட்ட நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005 ஜூனில் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. படையினர் பிடித்துச் சென்றவர் எங்கே என்று குடும்பத்தார் கேட்டால் விரைந்து விசாரித்துப் பதில் சொல்ல, மாவட்டந்தோறும் குறைகேட்புப் பிரிவு வேண்டும் என்றும் அது கூறியது. மெய்ரா பைபிகள் கால் நூற்றாண்டாகத் தெருவில் நின்று கேட்ட கேள்விக்கு அரசு அலுவலகத்தில் ஓர் இடம் தரும் யோசனை அது. அறிக்கையை அரசு அதிகாரபூர்வமாக வெளியிடவும் இல்லை. பின்னர் வந்த அரசு அதை ஏற்கவும் இல்லை.

இரவைப் போலப் பகலுக்கும் ஒரு முறை உண்டு. இம்பாலிலிருந்து மியன்மர் எல்லையிலுள்ள மோரே செல்லும் சாலையில், பேருந்திலிருந்து இறங்கி, அடையாள அட்டை காட்டி, மூட்டையைப் பிரித்துப் போட்டு, மீண்டும் கட்டிக்கொண்டு ஏறுவது ஒரு தலைமுறைக்கே பழகிப்போன பயணம். பர்மாவிலிருந்து வெளியேறி மோரேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இந்தச் சாவடிகளை அறிந்தவையே. இதை ஆக்கிரமிப்பு என்று கூறும் குரல்கள் மணிப்பூரில் உண்டு. தில்லியோ, ஆயுதக் குழுக்களின் வன்முறையைச் சுட்டி, சட்டம் இன்றிப் படை இயங்க முடியாது என்கிறது. அந்த வன்முறையும் கற்பனை அல்ல.

சாட்சிகள் சேர்த்த விவரங்கள் கடைசியில் நீதிமன்றத்துக்குத்தான் சென்றன. 1979 முதல் 2012 வரை 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக, உயிரிழந்தோரின் குடும்பத்தினர் சங்கம் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பட்டியல் தந்தது. மாதிரிக்கு ஆறு வழக்குகளை ஆராய்ந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே ஆணையம், ஆறும் உண்மையான மோதல்கள் அல்ல என்று 2013-ல் கூறியது. பதற்றப் பகுதியிலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது என 2016 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 2000 நவம்பரில் மாலோம் பேருந்து நிறுத்தத்தில் 10 பேர் சுடப்பட்டதை அடுத்து உண்ணாவிரதம் தொடங்கிய இரோம் ஷர்மிளா, அடுத்த மாதமே, 16-வது ஆண்டை நெருங்கிய நிலையில், அதை முடித்துக்கொண்டார்.

2022 ஏப்ரலில் 15 காவல் நிலையப் பகுதிகளிலிருந்தும், ஓராண்டு கழித்து மேலும் நான்கிலிருந்தும் சட்டம் விலக்கப்பட்டது. தீப்பந்தங்கள் அணையும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தனர். 2023 மே 3-ம் தேதி மெய்தி, குகி சமூகங்களிடையே மூண்ட கலவரம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பள்ளத்தாக்குச் சாலைகளில் சோதனைச் சாவடி அமைத்து, வாகனங்களை நிறுத்தி, அடையாள அட்டை கேட்டவர்களில் மெய்ரா பைபிகளும் இருந்தனர். ஜூன் 24-ம் தேதி இதம் கிராமத்தில் பெண்கள் முன்னின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் சூழ்ந்துகொள்ள, பிடிபட்ட 12 தீவிரவாதிகளை ராணுவம் விடுவித்துத் திரும்பியது. முன்பு மறித்துக் கேட்டது, இவரை எங்கே கொண்டு போகிறீர்கள் என்று. இதமில் மறித்தது, கொண்டு போகவே விடாமல். இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை, தாக்குதல்களுக்குத் துணை போயினர் என்று குகி அமைப்புகள் குற்றஞ்சாட்டின; மெய்தி அமைப்புகள் அதை மறுத்தன. சாலை மறிப்பு குகிப் பெண்கள் தரப்பிலும் நடந்தது.

2024 நவம்பரில் ஆறு காவல் நிலையப் பகுதிகளில் சட்டம் திரும்ப வந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது, 2025 மார்ச் 30-ம் தேதி வெளியான அறிவிக்கை, பள்ளத்தாக்கின் ஐந்து மாவட்டங்களிலுள்ள 13 காவல் நிலையப் பகுதிகள் நீங்கலாக, மணிப்பூர் முழுவதையும் மேலும் ஆறு மாதங்களுக்குப் பதற்றப் பகுதி என்று அறிவித்தது.