கேமரன் மலையில் காணாமல் போன 'பட்டு ராஜா': 1967 மர்மத்தை இன்றும் துருவுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கேமரன் மலைக்குப் போனால் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? தேயிலைத் தோட்டத்தில் நின்று ஒரு படம், கொஞ்சம் ஸ்ட்ராபெரி, சுடச்சுட ஒரு தேத்தண்ணி, இறங்கி வரும் வழியில் இரண்டு பை காய்கறி. அவ்வளவுதான்.

ஆனால் அதே மலையில், தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடைப்பட்ட மேட்டில், மூன்லைட் என்றொரு பழைய பங்களா இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி அங்கிருந்து ஒருவர் நடந்து போனார், திரும்பி வரவில்லை. உடல் கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை, ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அவர் பெயர் ஜிம் தாம்சன். பேங்காக் போனவர்கள் அந்தப் பெயரை ஒரு பட்டுக் கடையின் பலகையில் பார்த்திருப்பீர்கள். ஆமாம், அதே ஜிம் தாம்சன்தான்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஆவணப்படக்காரர்கள் இந்தக் கேஸை விடாமல் துருவுகிறார்கள். அவரவருக்கு ஒரு தியரி. எது உண்மை? அதைவிட முக்கியமாக, ஒரு தியரியை நம்பலாமா வேண்டாமா என்று நீங்கள் எப்படி முடிவு செய்வது?

யார் இந்த ஜிம் தாம்சன்?

1906-இல் அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பில் சேர்ந்தார். பின்னாளில் வந்த சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி அதுதான். போர் முடிந்த கையோடு பேங்காக் வந்தவருக்கு அந்த ஊர் பிடித்துப் போனது.

நெசவாளர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த தாய்லாந்துப் பட்டைக் கையில் எடுத்தார். 1948-இல் கம்பெனி தொடங்கினார். 'தி கிங் அண்ட் ஐ' என்ற பிராட்வே இசை நாடகத்தின் உடைகளில் அந்தப் பட்டு மின்னியதும் உலகம் முழுக்கப் பெயர் பரவியது. பழைய மர வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து கால்வாய்க் கரையில் அவர் கட்டிய வீடு இன்று பேங்காக்கின் பிரபலமான அருங்காட்சியகம்.

உளவு, பணம், புகழ், கலைப்பொருள்கள் என்று ஒரு மர்மக் கதைக்குத் தேவையான எல்லாமே இந்த ஒரு மனிதரிடம் இருந்தன. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று என்ன நடந்தது?

அன்று ஈஸ்டர் ஞாயிறு. தாம்சனுக்கு 61 வயது முடிந்து ஐந்தே நாள். சிங்கப்பூரைச் சேர்ந்த லிங் தம்பதியின் விருந்தாளியாக, பேங்காக் தோழி ஒருவருடன் அவர் மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தார்.

காலையில் தேவாலயம். பிறகு மலை மேல் பிக்னிக். திரும்பி வந்ததும் எல்லாரும் ஓய்வெடுக்கத் தம் அறைகளுக்குப் போனார்கள். பிற்பகலில் யாரோ வெளியே நடந்து போகும் காலடிச் சத்தம் கேட்டதாக வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். தாம்சன் உலாவப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இருட்டிய பிறகும் ஆள் வரவில்லை.

அவருடைய சிகரெட் பங்களாவிலேயே இருந்தது. பித்தப்பைக் கல் வலிக்காக எப்போதும் கையோடு வைத்திருக்கும் மாத்திரை டப்பாவும் அங்கேயே இருந்தது.

போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள், ஊர் மக்கள் என நூற்றுக்கணக்கானோர் பத்து நாட்களுக்கு மேல் காட்டைச் சல்லடை போட்டார்கள். ஹெலிகாப்டர் பறந்தது, பெரிய தொகை பரிசாக அறிவிக்கப்பட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. 1974-இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

பிறகு ஒரு கொலை

அவர் காணாமல் போய் ஐந்தே மாதம். 1967 ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவருடைய அக்காள் கேத்தரின் தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையும் இன்றுவரை துலங்கவில்லை.

தம்பி மலேசியாவில் மாயம், அக்காள் அமெரிக்காவில் கொலை. 'இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இருக்குமா?' என்று உடனே தோன்றுகிறது, இல்லையா? எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டையும் இணைக்கும் ஆதாரம் ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை. அடுத்தடுத்து நடந்தவை என்பது மட்டுமே ஆதாரம் ஆகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரிந்ததுதானே.

தியரிகள் என்னென்ன சொல்கின்றன?

*காட்டில் வழி தவறினார்.* பள்ளத்தில் விழுந்திருக்கலாம், வலி வந்து மயங்கியிருக்கலாம், புலி தாக்கியிருக்கலாம். கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. 'அப்படியானால் உடல் எங்கே?' என்பதுதான் எதிர்க்கேள்வி.

*லாரி மோதியது.* சாலையோரம் நடந்தவர் மீது வண்டி மோத, பயந்துபோன ஓட்டுநர் உடலைப் புதைத்துவிட்டார் என்பது. காட்டில் ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கு இது பதில் சொல்கிறது. சாட்சி யாரும் இல்லை.

*கடத்தப்பட்டார்.* அப்போது வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது, இவரோ முன்னாள் உளவாளி. அதனால் இந்தத் தியரிக்கு வரவேற்பு அதிகம். பீட்டர் ஹுர்கோஸ் என்ற டச்சுக்காரர், தமக்கு 'ஞானதிருஷ்டி' உண்டு என்று சொல்லிக்கொண்டவர், மூன்லைட் பங்களாவுக்கே வந்து பார்த்துவிட்டு, 'கம்போடியாவில் இருக்கிறார்' என்றார். ஆனால் பணம் கேட்டு நம்பத்தகுந்த தகவல் எதுவும் வரவில்லை, பரிசுத் தொகையை வாங்கவும் யாரும் வரவில்லை.

*கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள்.* 2017-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இதைச் சொன்னது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைச் சந்திக்கத் தாம்சன் முயன்றார், சந்தேகப்பட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பது அதன் வாதம். மரணப் படுக்கையில் ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்ன செய்தியே இதன் அடிப்படை.

*பூர்வகுடிகள் கொன்றார்கள்,* அல்லது அவர்களுடைய விலங்குப் பொறியில் விழுந்தார் என்பது இன்னொன்று.

*தாமே மறைந்துபோனார்* என்பது கடைசி. மாத்திரையை விட்டுவிட்டு, ஆசையாகக் கட்டிய வீட்டையும் விட்டுவிட்டு ஏன் போக வேண்டும் என்பதற்குத் திருப்தியான பதில் இல்லை.

ஒரே க்ளூ, ஆறு கதை

அந்த மாத்திரை டப்பாவையும் சிகரெட்டையும் மறுபடி யோசித்துப் பாருங்கள்.

'சும்மா கொஞ்சம் நடக்கத்தான் போனார், அதனால்தான் எடுத்துப் போகவில்லை' என்கிறது முதல் தியரி. 'திடீரென்று இழுத்துப் போனார்கள், அதனால்தான் எடுக்க முடியவில்லை' என்கிறது கடத்தல் தியரி. 'வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார், அப்போதுதானே நாம் நம்புவோம்' என்கிறது கடைசித் தியரி.

எல்லாக் கதைக்கும் பொருந்தும் க்ளூ, எந்தக் கதையையும் நிரூபிக்காது. இந்தக் கேஸில் பெரிதாகப் பேசப்படும் க்ளூக்களில் பல இந்த வகைதான்.

'இவ்வளவு பேர் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அவர் காட்டிலேயே இல்லை' என்பது அடுத்த வாதம். இதுவும் கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-ஐ நினைத்துப் பாருங்கள். சிரம்பான் அருகே ஓர் உல்லாச விடுதியிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சிறுமி காணாமல் போனார். நவீனக் கருவிகளுடன் நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். உடல் கிடைக்க ஏறக்குறைய பத்து நாள் ஆனது. கிடைத்த இடமோ விடுதியிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவில்தான். அந்த மரணம் எப்படி நேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, 2021-இல் உயர் நீதிமன்றம் அதைத் திறந்த முடிவாகவே விட்டது. ஆகவே அந்தக் கேஸ் எதையும் தீர்த்து வைக்கவில்லை. ஆனால் 'தேடினோம், இல்லை' என்பதற்கும் 'அங்கே இல்லவே இல்லை' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அது காட்டியது. நம் காடு அப்படி.

தாம்சனின் ஜாதகம் பார்த்த ஒருவர் 61 வயதில் கவனமாக இருக்கச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. நம் ஆட்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பலிக்காத ஜோதிடத்தை யாராவது இவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பார்களா?

தேடி வந்தவரின் கதை

தாம்சனைத் தேட வந்தவர்களில் ரிச்சர்ட் நூன் முக்கியமானவர். மலாயாவில் பூர்வகுடி நலத் துறையை நடத்தியவர், காட்டை நன்கு அறிந்தவர். தாம்சன் அந்தக் காட்டில் இல்லை என்பதே அவருடைய கருத்து.

ஆனால் நூனின் சொந்தக் கதைதான் இங்கே நமக்குப் பாடம். அவருடைய அண்ணன் பேட் நூன் ஒரு மானுடவியலாளர். தெமியார் பூர்வகுடிகளோடு வாழ்ந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 வாக்கில், இதே மலைத்தொடரின் காட்டில் காணாமல் போனார். போர் முடிந்த பிறகு ரிச்சர்ட் பல ஆண்டுகள் தெமியார் மக்களோடு பழகி, பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, அண்ணன் கொல்லப்பட்டார் என்பதையும் அதன் காரணத்தையும் தெரிந்துகொண்டார். அண்ணனின் கூட்டாளிகளே செய்த கொலை, தனிப்பட்ட மனத்தாங்கல். அதில் உளவும் இல்லை, சதியும் இல்லை.

அந்தப் பழைய மர்மத்துக்குப் பதில் கிடைத்தது யாரிடமிருந்து? அந்த மண்ணைத் தெரிந்தவர்களிடமிருந்து. தாம்சன் கேஸில் உளவாளிகள், ஜெனரல்கள், ஞானதிருஷ்டிக்காரர்கள் எல்லாரும் பேசினார்கள். கேமரன் மலைப் பூர்வகுடிகள் மட்டும் பெரும்பாலும் 'சந்தேகப்படும் ஆட்கள்' பட்டியலில்தான் வருகிறார்கள். இத்தனைக்கும் தேடும் பணியில் வழி காட்டியவர்கள் அவர்கள். பெயர் சொல்லாமல் ஒரு சமூகத்தின் மேலேயே பழி போடும் தியரிக்கு ஆதாரம் கேட்க யாரும் மெனக்கெடுவதில்லை. இதைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா?

அப்படியானால் துப்பறிவதே தப்பா?

இல்லை. கலிபோர்னியாவில் 1970, 80-களில் தொடர் கொலைகள் செய்த 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' 2018-இல் பிடிபட்டார். குடும்ப வரலாறு தேடும் ஆர்வலர்கள் டி.என்.ஏ. தகவலைப் பகிரும் ஓர் இணையத்தளம்தான் அதற்கு உதவியது. பார்பரா ரே-வென்டர் என்ற ஓய்வு பெற்ற வழக்கறிஞர் போலீசுக்குத் துணை நின்றார். அவரிடம் தியரி இல்லை, தரவு இருந்தது. முடிவு சரியா தவறா என்று டி.என்.ஏ. சோதனையில் சரிபார்க்கவும் முடிந்தது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மங்கலான படங்களை வைத்து இணையவாசிகள் ஒரு மாணவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. அவர் ஏற்கெனவே சில வாரங்களாகக் காணாமல் போயிருந்தவர், குடும்பமே அவரைத் தேடிக்கொண்டிருந்தது. பழி தவறு என்று தெரிந்தது. சில நாளில் அவருடைய உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. தேடித் தவித்த குடும்பத்துக்கு அந்த நாட்களில் வந்து குவிந்தவை வசவுகள்.

அடுத்த முறை ஒரு வீடியோ வந்தால்...

'ஜிம் தாம்சன் மர்மம் அவிழ்ந்தது' என்ற தலைப்போடு டிக்டாக்கோ போட்காஸ்டோ உங்களுக்கு வரும். அப்போது நான்கு கேள்வி கேளுங்கள்.

1. இதைச் சொன்னவர் நேரில் பார்த்தாரா, அல்லது பார்த்தவரிடம் கேட்டவரிடம் கேட்டாரா?

2. இந்த க்ளூ வேறு தியரிக்கும் பொருந்துமா? பொருந்தினால் அதற்கு மதிப்பு குறைவு.

3. எது கிடைத்தால் இந்தத் தியரி பொய் என்று ஒப்புக்கொள்வார்கள்? 'எதுவும் இல்லை, ஆதாரத்தை அழித்துவிட்டார்கள்' என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

4. இது தவறாக இருந்தால் யாருக்கு வலிக்கும்?

நான்காவது கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. பட்டு ராஜாவைப் பற்றி இன்று ஊகம் செய்வதால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அதே பழக்கத்தோடுதான் நம் வாட்ஸ்அப் குழுவில் நேற்றுக் காணாமல் போன ஒரு பிள்ளையின் படத்தைப் பார்க்கிறோம். 'அந்தப் பையனோடுதான் போயிருக்கும்', 'வீட்டிலேயே ஏதோ பிரச்சினை' என்று யாராவது போடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதைப் படிக்கக்கூடும்.

அப்படி ஒரு படம் வந்தால் தியரி வேண்டாம். கடைசியாக எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்ற தகவல் உங்களிடம் இருந்தால் நேராகப் போலீசிடம் கொடுங்கள். இல்லையென்றால் சும்மா இருப்பதே பெரிய உதவி.

மூன்லைட் பங்களாவிலிருந்து தாம்சன் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. என்றாவது ஓர் எலும்பு கிடைத்து, டி.என்.ஏ. பேசினால் இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதுவோம். அதுவரை, நம்மிடம் இருப்பது ஒரு காலடிச் சத்தம் மட்டும்தான்.