மண் மன்னருக்கா, குடிகளுக்கா? துய்பெரோனின் மறுப்பும் சேலத்து நிலவரியும்

கீழை நாடுகளில் மண் முழுவதும் மன்னருக்கே உரியது. குடிகளுக்கு உடைமை இல்லை. மன்னரைக் கட்டுப்படுத்தும் சட்டமும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இக்கருத்து பரவலாக வேரூன்றியிருந்தது. முகலாய நாட்டில் பயணம் செய்த பெர்னியே எழுதிவைத்ததை, 1748இல் மொந்தெஸ்கியூ பெருங்கோட்பாடாக வளர்த்தெடுத்தார். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். அதனை விரிவான ஆதாரங்களோடு மறுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே.

அங்க்தில் துய்பெரோன் (1731–1805) 1755இல் புதுச்சேரியில் வந்திறங்கியவர். சூரத்தில் பார்சி அறிஞர்களிடம் பயின்று அவெஸ்தாவை மொழிபெயர்த்தார் (1771). அப்பணியை எள்ளி நகையாட ஆங்கில அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் பிரெஞ்சு மொழியிலேயே ஒரு கடிதம் வெளியிட்டது தனிக்கதை. இளவரசர் தாரா ஷிகோஹ் பாரசீகத்தில் ஆக்கிய உபநிடதங்களை இலத்தீனில் தந்தவரும் இவரே. ஆயினும் நாம் கருதத்தக்கது, 1778இல் வெளியான ‘கீழைச் சட்டம்’ என்னும் நூல். அதனை அவர் இந்துஸ்தானத்து மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

துருக்கி, பாரசீகம், இந்துஸ்தானம் ஆகிய மூன்றிலும் எழுதப்பட்ட சட்டம் உண்டு. அது அரசரையும் கட்டுப்படுத்தும். குடிகளுக்கு நிலத்திலும் பிற பொருளிலும் உடைமை உண்டு என்பது அவர் வாதம். ஷரீஅத் அறிந்தோர்க்கு இது புதிதன்று. உடைமை இல்லையேல் வாரிசுப் பங்கீட்டுக்கு இவ்வளவு நுண்ணிய விதிகள் எதற்கு? தமதல்லாத நிலத்தை ஒருவர் வக்ஃபு செய்வதுதான் எங்ஙனம்? துய்பெரோனின் கூர்மை வேறோரிடத்தில் உள்ளது. இக்கோட்பாட்டால் யாருக்கு ஆதாயம் என்று அவர் பார்த்தார். மண் மன்னருடையதாயின், மன்னரை வென்றவருக்கு அது அப்படியே போய்ச் சேரும். வங்காளத்தில் கம்பெனியின் ஆட்சி அப்போது அவர் கண்முன் இருந்தது.

பதினான்கே ஆண்டுகளில் அவ்வினா சேலம் சமவெளிக்கு வந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம், நாமக்கல் பகுதிகளையும் கம்பெனியிடம் விட நேர்ந்தது. காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து, குடியானவரிடமே நேராக வரி விதித்தனர். ரயத்துவாரி இங்கே கருக்கொண்டது. இடைத்தரகர் ஒழிந்தது நன்மையே, தீர்வைதான் கடுமை. பின்னர் 1802 முதல், வங்காளத்தைப் பின்பற்றி, ஊர்களை மிட்டாக்களாகத் தொகுத்து ஏலம்விட்டனர். விற்றது வரி தண்டும் உரிமையைத்தான் என வாதிடலாம். கேளாமலே தன் ஊர் ஏலம் போவதைக் கண்ட குடியானவனுக்கு அவ்வேறுபாடு எந்த அளவு ஆறுதல் தந்திருக்கும்? வரிப்பாக்கி ஏறி, பல மிட்டாக்கள் மீண்டும் அரசிடமே வந்தன. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் பள்ளிவாசல், தர்கா, கோயில் மானியங்களை ஆராய்ந்தபோதும், உரிமையை மெய்ப்பிக்கும் சுமை அனுபவித்து வந்தவர் மீதே விழுந்தது.

துய்பெரோன் நடுநிலையாளர் என்று கொள்ளவேண்டியதில்லை. புதுச்சேரியை 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்த நாட்டவர் அவர். 1798இல் வெளியிட்ட இந்தியா பற்றிய நூலில் அப்பகை மறைவின்றித் தெரிகிறது. எனினும் பகைவர் கூறியது என்பதாலேயே ஒரு சான்று பொய்யாகிவிடாது. அவர் சட்டநூல்களையும் பத்திரங்களையும் முன்வைத்தார். எதிர்ப்பட்சத்தார் பெரிதும் நம்பியதோ பயணக் குறிப்புகளை.

மன்றோ 1820இல் சென்னை ஆளுநரானபின் ரயத்துவாரி மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. துய்பெரோன் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே பாரிசில் காலமாகியிருந்தார்.