நேர்மறை நடத்தை ஆதரவில் உடல்வழித் தலையீடு

உடல்வழித் தலையீடு என்பது, ஒருவர் தமக்கோ பிறருக்கோ உடனடியாகத் தீங்கு விளைவிக்கக்கூடிய நிலையில், அவரது உடல் அசைவை மற்றொருவர் பிடித்தோ வழிமறித்தோ கட்டுப்படுத்துவதாகும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் ஆகியவை உள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் பராமரிக்கும் இடங்களில் இதற்கான தேவை சில நேரங்களில் எழுகிறது. நேர்மறை நடத்தை ஆதரவு என்னும் அணுகுமுறை இதனைச் சிகிச்சையாகவோ தண்டனையாகவோ ஏற்பதில்லை. பிற வழிகள் பயன்படாதபோது மேற்கொள்ளும் இறுதிப் பாதுகாப்பு நடவடிக்கையாக மட்டுமே ஏற்கிறது.

நடத்தையின் காரணம்

எந்த நடத்தைக்கும் ஒரு காரணம் உண்டு என்பதே இவ்வணுகுமுறையின் அடிப்படை. பேச்சு வராத சிறுவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்குக் காது வலி காரணமாக இருக்கலாம்; குக்கர் விசில் சத்தத்தைத் தாங்க முடியாமையும் காரணமாக இருக்கலாம். எனவே நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை எப்படி இருந்தது, அதன்பின் என்ன நடந்தது என்ற மூன்றும் தொடர்ந்து குறித்து வைக்கப்படுகின்றன. காரணம் தெரிந்தபின் வலிக்கு மருத்துவம் செய்வது, சத்தத்தைக் குறைப்பது, 'போதும்' என்பதைப் படஅட்டை காட்டித் தெரிவிக்கப் பழக்குவது போன்ற மாற்றங்கள் செய்யப்படுகின்றன. இவை பலன் தரும்போது பிடித்து நிறுத்தும் தேவையே குறைகிறது.

ஏர்வாடி தீ விபத்து

கட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே துயரமான சான்று உள்ளது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகத்து 6 அன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

சட்ட விதிகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது (பிரிவு 95). மனநல நிலையங்களில் உடலைக் கட்டுப்படுத்துவதற்குப் பிரிவு 97 பின்வரும் வரம்புகளை விதிக்கிறது:

- உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியுடன் செய்ய வேண்டும்.
- தேவைக்கு மேல் ஒரு கணமும் நீடிக்கக் கூடாது.
- தண்டனையாகவோ அச்சுறுத்தவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ பயன்படுத்தக் கூடாது.
- முறை, காரணம், கால அளவு ஆகியவற்றை உடனே மருத்துவக் குறிப்பில் பதிய வேண்டும்.
- நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர்கள் இச்சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருவதில்லை. ஆயினும் சிறப்புப் பள்ளிகளும் இல்லங்களும் இவ்விதிகளை நல்ல அளவுகோலாகக் கொள்ளலாம். பள்ளிக் குழந்தைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009 ஏற்கெனவே தடை செய்துள்ளது.

பிடிக்க நேரும்போது

முறையான பயிற்சி பெற்றவர்களே இதில் ஈடுபட வேண்டும். குப்புறப் படுக்கவைத்து அழுத்துவதும், மார்பு, கழுத்து, முதுகு ஆகியவற்றின் மேல் எடையை வைப்பதும் மூச்சுத்திணறலால் மரணம் வரை கொண்டுசெல்லும். இலண்டனில் 2010-ஆம் ஆண்டு மனநல மருத்துவமனையில் காவலர் பலர் பிடித்து அழுத்தியதைத் தொடர்ந்து செனி லூயிசு என்ற இளைஞர் இறந்தார். மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு அவர் பெயராலேயே வழங்குகிறது.

பிடிப்பவர்களைத் தவிர மற்றொருவர், பிடிக்கப்பட்டவரின் மூச்சையும் முகத்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். அமைதியான குரலில் அவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் பிடியை விட்டுவிட வேண்டும்.

அதன்பின் செய்ய வேண்டியவை

காயம் உள்ளதா எனப் பார்த்து, நடந்ததைப் பதிந்து, குடும்பத்தாருக்கு அறிவிக்க வேண்டும். பிடிக்கப்பட்டவருக்கு அது எப்படி இருந்தது என்பதை அவரால் இயன்ற வழியில் கேட்டறிய வேண்டும். ஒருவரை மீண்டும் மீண்டும் பிடிக்க நேர்ந்தால், அவருக்கான ஆதரவுத் திட்டம் பொருந்தவில்லை என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது அத்திட்டத்தையே.