பூட்டிய வீட்டில் பச்சைப் புள்ளி

குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் அக்கா மகள் ஃபேஸ்புக்கை மூடினாள். வீட்டில் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டுத்தான் மூடினாள். மறுநாள் காலை ஆறரைக்கு அவள் போனில் 'டிங்' என்று சத்தம். பெரியப்பா அனுப்பிய சாமந்திப்பூ, அதன்மேல் 'இனிய காலை வணக்கம்'.

"சித்தி, நேத்துதானே மூடினேன். இது எப்படி வருது?"

"மூடும்போது என்னென்ன கேட்டுச்சு?"

"யார் படிச்சா? எல்லாத்துக்கும் கன்டினியூ கொடுத்தேன்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஃபேஸ்புக் வேறு, மெசஞ்சர் வேறு. 2011-இல் மெசஞ்சர் தனிச் செயலியாக வந்தது. 2014-இல் போனில் இருந்த ஃபேஸ்புக் செயலிக்குள்ளிருந்து அரட்டையைப் பிரித்து அங்கே குடியேற்றினார்கள். அன்று முதல் இது ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். ஃபேஸ்புக்கை டீஆக்டிவேட் செய்யும்போது, மெசஞ்சர் மட்டும் தொடரட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அதற்குத் தலையாட்டிவிட்டால் உங்கள் பக்கம் மறையும், பெயரும் படமும் மெசஞ்சரில் அப்படியே இருக்கும். பச்சைப் புள்ளியும்தான்.

மெசஞ்சரையும் மூட வேண்டுமானால் வரிசை முக்கியம். முதலில் ஃபேஸ்புக்: அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீடெயில்ஸ், அதற்குள் கணக்கை நிறுத்துவதற்கான இடம். பிறகுதான் மெசஞ்சரின் செட்டிங்ஸுக்குள் போய் அதைத் தனியாக நிறுத்த முடியும். ஃபேஸ்புக் உயிரோடு இருக்கையில் மெசஞ்சரை மட்டும் டீஆக்டிவேட் செய்ய வழியில்லை. (இந்தப் பொத்தான்களை அடிக்கடி இடம் மாற்றிவைக்கிறார்கள். புறப்படும் வழியைத் தேட வைப்பதும் ஒரு வியாபார உத்தி என்றே நான் நினைக்கிறேன்.) செயலியை போனிலிருந்து அன்இன்ஸ்டால் செய்வது மூடுவது ஆகாது. அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், 'என்ன, பதிலே இல்லை' என்று மனஸ்தாபமும் வளரும்.

அன்று காலையே இரண்டையும் மூடிக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு போன் போட்டும் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது மாதம் அவளுடைய கல்லூரித் தோழி அழைத்தாள். "ஏன்டி, புது அக்கவுண்ட் ஆரம்பிச்சியா?" என்றாள். இவள் ஆரம்பிக்கவில்லை. இவள் பெயர், இவளுடைய பழைய புரொஃபைல் படம், 'பழைய கணக்கு போய்விட்டது, இது புதியது' என்று ஒரு வரி. அடுத்த நாளே ஆஸ்பத்திரிச் செலவுக்கு கூகுள் பே-யில் ஐயாயிரம் கேட்டு மெசேஜ். தோழி பணம் அனுப்பாததற்கு ஒரே காரணம்தான்: "நீ என்னிக்குடி என்னை 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டிருக்கே?"

இடைவெளி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து இது. படத்தையும் நண்பர் பட்டியலையும் திருடி ஒரே மாதிரி கணக்கு தொடங்குவது பழைய மோசடி. மாவட்ட ஆட்சியர்கள், காவல்துறை அதிகாரிகள் பெயரில்கூட நடந்திருக்கிறது. 'சிஆர்பிஎஃப்-இல் இருக்கும் நண்பருக்கு மாற்றல், வீட்டுச் சாமானை மலிவாகத் தருகிறார்' என்ற கதையும் இதே வகைதான். அசல் கணக்கு கண்ணில் படாதபோது போலிக்கு இன்னும் வசதி. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. காணாமல் போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆகவே மூடுவதற்குமுன் ஒரு பதிவு போட்டு, நாலு பேர் படித்த பிறகு மூடுங்கள்: 'மூன்று மாதம் இருக்கமாட்டேன், என் பெயரில் பணம் கேட்டால் நான் இல்லை.' நண்பர் பட்டியலை உங்களுக்கு மட்டும் தெரியும்படி முன்கூட்டியே மாற்றிவையுங்கள்.

போலி முளைத்துவிட்டால், முதல் வேலை ஸ்கிரீன்ஷாட்டும் அந்தக் கணக்கின் லிங்க்கும் எடுத்துவைப்பது. பிறகு நண்பர்களைவிட்டு ரிப்போர்ட் செய்யச் சொல்லலாம். கணக்கே இல்லாதவரும் ஆள்மாறாட்டம் பற்றிப் புகார் செய்ய ஃபேஸ்புக்கின் உதவிப் பக்கத்தில் படிவம் உண்டு. அடையாளச் சான்று கேட்பார்கள். அதில் நடக்கவில்லையென்றால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி இத்தகைய நிறுவனங்கள் இந்தியாவில் குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும்; வந்த புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். அவர் முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 முதல் இயங்கும் இந்தக் குழுவிடம் எல்லாம் ஆன்லைனிலேயே நடக்கும், வக்கீல் வைக்கத் தேவையில்லை. யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் இதெல்லாம் பிறகு. முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன், அதுவும் உடனே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

ஒரேயடியாக டெலீட் செய்ய நினைப்பவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் உள்ளே நுழைந்து ரத்து செய்யலாம். முழுக்க அழிய 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் மற்றவருக்கு அனுப்பிய மெசேஜ்கள் அவர்கள் பெட்டியிலேயே இருக்கும், அவை மேல் உங்களுக்குப் பிடி கிடையாது. ஒரு பக்கத்துக்கு நீங்கள் மட்டுமே நிர்வாகி என்றால், கணக்கை நிறுத்தும்போது அந்தப் பக்கமும் சேர்ந்து மறையும். ஃபேஸ்புக் மூலம் உள்நுழைந்த வேறு செயலியை மறதியாகத் திறந்தால் நிறுத்திய கணக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். 2023 டிசம்பரிலிருந்து மெசஞ்சர் தனிப்பட்ட அரட்டைகளை முனைக்கு முனை மறைகுறியாக்கிவருகிறது. அதற்கு நீங்கள் வைத்த 'பின்' (PIN) எண் மறந்துபோனால், திரும்பி வரும்போது பழைய பேச்சு கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, போன் எண். கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. கணக்கு அந்த எண்ணிலேயே கட்டப்பட்டிருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.

சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவை அழிக்கக் கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகளுக்கு அந்த அறிவிப்பு வைத்த கெடு 18 மாதம். அதுவரை மேலே சொன்ன புகார் வழிதான்.

மூடவே வேண்டாம், கொஞ்சம் அமைதி போதும் என்பவர்களுக்கு மியூட் இருக்கிறது. தொல்லை ஒரே ஆள் என்றால் ரெஸ்ட்ரிக்ட் செய்யலாம். நீங்கள் ஆன்லைனில் இருப்பதோ படித்ததோ அவருக்குத் தெரியாது, உறவும் முறியாது. பச்சைப் புள்ளியை அணைக்கும்போது ஃபேஸ்புக்கிலும் மெசஞ்சரிலும், ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

தேர்வு முடிந்த அன்று மாலை, ஹால் டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பழைய பாஸ்வேர்டைத் தட்டினாள். நேற்று மூடியதுபோல் எல்லாம் திறந்துகொண்டது. மெசஞ்சரில் மேலே இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய சாமந்திப்பூ. "இதுக்கு இப்ப பதில் போடலாமா சித்தி?" என்று கேட்டாள்.