பதவி உயர்வு வேண்டாம் சார்!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மூர் இன்ஜினீயர்கள் பலருக்கு ஒரு விசித்திரமான பயம் உண்டு. மேனேஜர் கூப்பிட்டு, ‘பிரமாதமாக வேலை செய்கிறாய், அடுத்த மாதத்திலிருந்து டீம் முழுக்க உன் பொறுப்பு’ என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் அது. சம்பளம் கூடும், பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் சேரும். ஆனால் கிரீன் கார்டு மனு போயிருப்பது சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலைக்கு. கோடு எழுதுகிறவர் ஆட்களை மேய்க்கிறவராகிவிட்டால் வேலையின் தன்மையே மாறிவிட்டது என்று ஆகலாம். லேபர் சர்டிஃபிகேஷனில் தொடங்கி எல்லாக் காகிதத்தையும் மறுபடி போட வேண்டி வரலாம். அதனால் தொண்டை வரை வந்த ‘தேங்க்ஸ்’ உள்ளே போய், ‘வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேனே’ என்று வெளியே வருகிறது.

மதுரையில் பிறந்தவரும் சென்னையில் வளர்ந்தவரும் உலக நிறுவனங்களின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்த கதையை நாம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி விழாக்களில் அந்தப் படங்கள் திரையில் ஓடாமல் இருப்பதில்லை. அவர்கள் விமானம் ஏறியது எழுபதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும். இன்றைக்கு இருக்கும் நீளத்தில் அன்றைக்குக் கிரீன் கார்டு வரிசை இல்லை. அதே படிப்பு, அதே புத்தி, அதே வெறியோடு இன்று போகிறவர் முதலில் கற்றுக்கொள்வது காத்திருக்கத்தான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வேலை அடிப்படையில் தரப்படும் கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எண், இன்றும் அதுவேதான். மனைவி, பிள்ளைகளும் அதற்குள் அடக்கம். எந்த நாடானாலும் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆயிரம் வீடுள்ள தெருவுக்கும் பத்து வீடுள்ள தெருவுக்கும் ரேஷன் கடையில் ஒரே அளவு அரிசி ஒதுக்கினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு. நம்மவர்கள் பெரும்பாலும் நிற்கும் இபி-2, இபி-3 பிரிவுகளில் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,800 வருகிறது. மற்ற நாட்டினர் எடுக்காமல் விட்டது இருந்தால் இன்னும் கொஞ்சம். வரிசையில் நிற்கும் இந்தியர்களோ, குடும்பத்தோடு சேர்த்தால் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 2025-இல் முறை வந்தது, 2012-லும் 2013-லும் பெயர் பதிந்தவர்களுக்கு. எந்தத் தேதி வரை பதிந்தவர்களுக்கு முறை வந்தது என்று சொல்லும் விசா புல்லட்டின் மாதாமாதம் வெளியானதும், அமெரிக்காவில் எடிசனிலிருந்து ஃப்ரீமான்ட் வரை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்வி: “டேட் மூவ் ஆச்சா?” சில மாதம் ஆகும். சில மாதம் பின்னாலேயே போய்விடும்.

பிறந்த ஊர் எது?

இந்த வரிசையில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த மண்ணை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் விருதுநகரில் பிறந்தவரும் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யலாம். யாழ்ப்பாணத்துக்காரர் சில ஆண்டுகளில் கார்டை வாங்கிவிடுவார். விருதுநகர்க்காரர் அவருக்கு விருந்து வைத்துவிட்டு மறுபடி புல்லட்டின் பார்க்கப் போவார். அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கேயே பிறந்த திருச்சிக்காரருக்கும் இந்த யோகம் உண்டு. கையில் இந்தியப் பாஸ்போர்ட், கணக்கு மட்டும் குவைத்தில். மனைவி அப்படிப் பிறந்திருந்தால் கணவனும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நம் வழக்கம் எத்தனை பேரை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறதோ!

காத்திருக்கும் காலம் வெறுமனே கழிவதில்லை. ஹெச்-1பி வேலை விசா முதலில் ஆறு ஆண்டுகளுக்கு. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டபின் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கொண்டே போகலாம். வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி மனுப் போட வேண்டும். கம்பெனி மாறினால் வரிசையில் பிடித்த இடம் போகாது, ஆனால் புதிய முதலாளி எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். லேபர் சர்டிஃபிகேஷனுக்கே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. வார இறுதியில் உட்கார்ந்து ஒரு ஆப் எழுதி, அதை வைத்துத் தொழில் தொடங்கி நடத்தலாம் என்றால் விசா இடம் கொடுக்காது. 2025 செப்டம்பரில் ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த அன்று, ஊருக்கு வரக் கிளம்பி விமானத்தில் உட்கார்ந்தவர்களே எழுந்து இறங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். ‘புதிய மனுக்களுக்கு மட்டும்தான்’ என்று விளக்கம் வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

இருபத்தைந்து வயதில் சொந்தக் கம்பெனி என்று பேசிக்கொண்டிருந்தவர், நாற்பதில் ‘இந்த வருஷம் லேஆஃப் இல்லாமல் போனால் போதும்’ என்கிறார். துணிச்சலைப் பார்த்து உள்ளே விட்ட ஏற்பாடு, துணிச்சலே இல்லாத ஒருவரை உருவாக்கிவிட்டது.

ஒரே வீட்டில் இரண்டு விதி

இதையெல்லாம்கூடப் பெரியவர்கள் தெரிந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று விட்டுவிடலாம். பிள்ளைகள் விஷயத்தை அப்படி விட முடியவில்லை.

மூன்று வயதில் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு போன மகள். அங்கே போய் 2012-இல் பிறந்த மகன். ஒரே வீடு, ஒரே பள்ளி. தம்பி பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். அக்கா, அப்பாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கும் ஹெச்-4. கூடப் படிக்கும் பெண்கள் பதினாறு வயதில் ஐஸ்கிரீம் கடையில் கைச்செலவுக்கு வேலை பார்ப்பார்கள். இவள் பார்க்கக் கூடாது. கல்லூரிக்கு மத்திய அரசின் உதவித்தொகை, கடன் எதுவும் கிடையாது. இருபத்தொன்று முடிந்ததும் ஹெச்-4 தீர்ந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாத தமிழோடு, நினைவில் இல்லாத ஊருக்கு.

2002-இல் வந்த சட்டம் ஒன்று பிள்ளையின் வயதிலிருந்து கொஞ்சம் கழிக்கிறது. ஆனால் கழிப்பது மனு அதிகாரியின் மேசையில் கிடந்த காலத்தை மட்டும்; வரிசையில் நின்ற காலத்தை அல்ல. அதனால் அப்பாவின் முறை வரும்போது மகள் அந்தக் குடும்பக் கணக்கிலேயே இருக்க மாட்டாள். வேடிக்கை என்னவென்றால், தம்பிக்கு இருபத்தொன்று ஆனதும் அப்பா அம்மாவுக்கு அவனே மனுப் போடலாம்; உச்சவரம்பு கிடையாது. அக்காவுக்கும் போடலாம். அது உடன்பிறந்தவர்களுக்கான வரிசை. அப்பா நின்றதைவிட நீளம்.

சட்டம் மாறாதா என்று கேட்கலாம். 2019-இல் நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று அமோகமாக நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒத்துவரவில்லை, கதை அதோடு முடிந்தது.

‘டாலரில் சம்பாதித்து ஓஎம்ஆரில் ஃப்ளாட் வாங்கும்போது இனித்ததா? யார் போகச் சொன்னார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் அதை அப்பாவிடம் கேட்கலாம். மூன்று வயதில் விமானம் ஏறிய மகளிடம் கேட்க முடியாது.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகட்டும், படிக்கட்டும், சம்பாதிக்கட்டும். ஆனால் ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்த கையோடு பிள்ளையின் வயதையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மகளுக்கு இப்போது ஆறு வயது என்றால் கையில் இருப்பது பதினைந்து ஆண்டு. சட்டம் இப்படியே இருந்தால், இன்று பெயர் பதிகிறவருக்குப் பதினைந்து ஆண்டில் முறை வரப்போவதில்லை. ‘அது நடக்கவில்லையென்றால் கனடா’ என்று சொல்லி வைத்திருப்பவர்களும் தள்ளிப்போட முடியாது. அங்கே வயதுக்கும் மதிப்பெண் உண்டு. அது முப்பதிலிருந்து குறையத் தொடங்கி நாற்பத்தைந்தில் பூஜ்யம்.

ஆகவே, ஊர் திரும்புவதா, வேறு நாடா, என்ன ஆனாலும் அங்கேயேவா என்பதை மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது. பிள்ளை அங்கே ஹைஸ்கூலில் கால் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நாட்டை மாற்றுவது பெற்றோர் கையில் இருக்காது.